விழுந்தாலும் எழும் பொம்மை



ஜென் என்றதும், அது ஜப்பான்காரன் சமாச்சாரம், நமக்கெதுக்கு என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அந்தச் சொல்லே நம்ம நாட்டிலிருந்து போனதுதான். தியானம் சீனாவில் சான் ஆச்சு, ஜப்பானில் ஜென் ஆச்சு. அந்த வழிக்கு முதல் குரு என்று இரு நாட்டாரும் வணங்குவது இந்தியாவிலிருந்து போன ஒரு துறவியை. அவர்தான் போதிதர்மர்!

அவர் வாழ்ந்தது 5, 6ஆம் நூற்றாண்டுகளில். காஞ்சிபுரத்துப் பல்லவ இளவரசர் என்பது 2011இல் வந்த ஏழாம் அறிவு படத்துக்குப் பிறகு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் பழைய ஏடுகள் ஒரே மாதிரி பேசவில்லை. 547 வாக்கில் எழுதப்பட்ட சீன நூல் அவரைப் பாரசீகர் என்கிறது. சீடர் தான்லின், தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாம் மகன் என்கிறார். காஞ்சியின் பெயர் பிற்பாடு சேர்ந்தது. குங்ஃபூ கதையும் 17ஆம் நூற்றாண்டுக்குப் பின் பரவியதே. என்னைக் கேட்டால், அவர் எந்த ஊர் என்பதைவிட அவர் விட்டுப்போனது என்ன என்பதே முக்கியம்.

லியாங் நாட்டுப் பேரரசர் வூ ஏராளமான மடங்களைக் கட்டியவர். தனக்கு எவ்வளவு புண்ணியம் சேர்ந்தது என்று அவர் கேட்க, ஒன்றுமே இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாராம் போதிதர்மர். பிறகு வடக்கே போய், சாவ்லின் மடத்தருகே சுவரைப் பார்த்தபடி ஒன்பது ஆண்டுகள் தியானத்தில் இருந்தார் என்பது மரபுக் கதை. மருந்துவாழ்மலையில் நாராயண குரு தவமிருந்ததைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதுசல்ல.

அவர் சொன்னதாகத் தான்லின் எழுதிவைத்த வழிகள் நான்கு. துன்பத்தைப் பொறுப்பது, வருவதை ஏற்பது, ஆசைப்பட்டு அலையாமல் இருப்பது, அறத்தோடு ஒத்து நடப்பது. அவ்வளவுதான்!

அவர் வழியில் வந்த ஜப்பானியத் துறவி டோகன், மடத்துச் சமையல்காரருக்கென்றே 1237இல் ஒரு நூல் எழுதினார். அரிசி களைவதையும் முழு மனதோடு செய்தால் அதுவும் தவம்தான் என்பது அதன் சாரம். இதைப் படித்தபின் ஃபிட்டிங் ஷாப்பில் அரம் பிடிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஞாபகம் வரும். மணியைப் பார்த்துக்கொண்டு ராவினால் ஜாப் கோணும். கையையும் அரத்தையும் மட்டும் பார்த்தால், ட்ரை ஸ்கொயரை வைக்கும்போது வெளிச்சம் கசியாது. நீங்களே செய்து பாருங்கள்.

ஜப்பானில் போதிதர்மரைத் தருமா என்பார்கள். அவர் பெயரில் சிவப்பு நிறத்தில், கைகால் இல்லாத பொம்மை உண்டு. தகாசாகி நகரம் அதற்குப் பேர்போனது. ஒரு காரியத்தை நினைத்து ஒரு கண்ணை வரைவார்கள். காரியம் முடிந்தபின்தான் மறு கண். எப்படித் தள்ளினாலும் எழுந்து உட்காரும், நம்ம தஞ்சாவூர் பொம்மை மாதிரியே! மந்திரம் ஒன்றுமில்லை. பாரமெல்லாம் அடியில் இருக்கிறது. சாய்த்தால் சென்டர் ஆஃப் கிராவிட்டி மேலே ஏறும், விட்டால் தானாக இறங்கிவரும்.

ஒவ்வொரு செமஸ்டர் ரிசல்ட்டுக்குப் பிறகும் ஹாஸ்டலில் ஒன்றிரண்டு கட்டில் காலியாகிறது. மூன்று அரியர் விழுந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போன நண்பன் ஒருத்தன் இன்று கேரளாவில் கட்டட வேலையில் இருக்கிறான். வேலை கேவலமில்லை மக்கா! ஆனால் டிராயிங்கில் எங்களுக்கெல்லாம் சொல்லித்தந்தவன் அவன். அவன் விழுந்தது பெரிசில்லை. எழும்பாமல் விட்டதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

விழாமல் இருக்கப் பொம்மைக்கே தெரியாது. எழும்பத்தான் தெரியும். அதற்கு அடியில் பாரம் வேண்டும். தினம் ஒரு மணி நேரப் படிப்பு, ஒழுங்காக முடித்த ஒரு ரெக்கார்டு, மனசு வைத்து ராவிய ஒரு ஜாப் – நம்ம பாரம் இவைதான். தோழா, ஒரு கண்ணை இன்றே வரைந்துவிடு. மறு கண்ணை டிப்ளமோ கையில் வந்ததும் வரையலாம்!