சுந்தரர்: பொன் கிடைத்தபோதும், பார்வை போனபோதும் இறைவனுடன் பேச்சை நிறுத்தாத தோழர்!

வாழ்க்கை நல்லா போகும்போது கடவுளை மறந்துடுவோம், கஷ்டம் வந்தா கோவில் கோவிலா ஓடுவோம். நம்மில் பலருக்கும் பழக்கமான விஷயம்தான் இது. ஆனா, இரண்டு சமயத்திலும் ஒரே மாதிரி இறைவனோடு ஒட்டிக்கொண்டு இருந்தவர் சுந்தரர். இதில் சுவாரஸ்யம் என்னன்னா, அவர் அமைதியான பக்தர் இல்லை. கேட்பார், கோபப்படுவார், சண்டையும் போடுவார்!

யார் இந்த சுந்தரர்?

சுமார் 8-ம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். பிறந்தது இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கும் திருநாவலூர். தேவாரம் பாடிய மூவரில் ஒருவர். இவர் பாடியதில் நமக்குக் கிடைத்துள்ள 100 பதிகங்கள்தான் ஏழாம் திருமுறை. இவரது வாழ்க்கையை நமக்கு விரிவாகச் சொல்வது, 12-ம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பெரியபுராணம்.

அதன்படி, சுந்தரரின் கல்யாணத்தன்று ஒரு முதியவர் வந்து, 'நீ எனக்கு அடிமை' என்று ஓலையைக் காட்டி கல்யாணத்தையே நிறுத்திவிடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் சபைக்குப் போகிறது. தீர்ப்பு முதியவர் பக்கம். வந்தது சிவன் என்பது அப்புறம்தான் தெரிகிறது. அடிமை என்று தொடங்கிய உறவு, நட்பாக மாறுகிறது. 'தம்பிரான் தோழர்' என்ற பெயர் வந்தது இப்படித்தான்.

நல்ல காலத்தில்...

திருவாரூரில் பரவையாரை மணந்து வசதியாக வாழ்ந்தார். பங்குனி உத்திரச் செலவுக்குப் பணம் வேண்டும் என்றால், திருப்புகலூர் கோவிலுக்குப் போய் உரிமையோடு கேட்டார். தலைக்கு வைத்துப் படுத்த செங்கல், விழித்தபோது பொன்னாகி இருந்ததாம். விருத்தாசலத்தில் 12,000 பொன் கிடைத்தது. அதை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு, திருவாரூர் கமலாலயக் குளத்தில் எடுத்தார் என்கிறது புராணம். கையில் காசு இருந்த காலத்திலும், ஊர் ஊராகப் போய்ப் பாடுவதை மட்டும் அவர் விடவே இல்லை.

எல்லாம் தலைகீழானது எப்போது?

திருவொற்றியூரில் சங்கிலியாரைத் திருமணம் செய்யும்போது, உன்னைப் பிரிய மாட்டேன் என்று மகிழ மரத்தடியில் சத்தியம் செய்தார். ஆனா, திருவாரூர் வசந்த விழா நினைவு வந்ததும் ஊரைவிட்டுக் கிளம்பினார். எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்களிலும் பார்வை போனது.

தப்பு அவருடையதுதான். அது அவருக்கும் தெரியும். இருந்தும் கோவிலுக்குப் போகாமல் ஒதுங்கவில்லை. பார்வை இல்லாமலே ஒவ்வொரு ஊராக நடந்து, நண்பனிடம் முறையிடுவது போலப் பாடினார். திருவெண்பாக்கத்தில் கிடைத்தது கண் அல்ல, ஒரு ஊன்றுகோல் மட்டும். காஞ்சிபுரத்தில் இடது கண் தெரிந்தது. வலது கண்ணுக்கு, திருவாரூர் வரை நடக்க வேண்டியிருந்தது.

அங்கேயும் பிரச்சினை முடியவில்லை. இரண்டாவது திருமணத்தால் கோபத்தில் இருந்த பரவையார் கதவைத் திறக்கவில்லை. சுந்தரர் அதற்கும் இறைவனைத்தான் அழைத்தார். ஒரே இரவில் இரண்டு முறை சிவனே தூது போனதாகச் சொல்கிறார் சேக்கிழார்.

இன்றைக்கு இது ஏன் முக்கியம்?

இறைவனுக்கு நெருக்கமாக இருப்பது என்றால், வருவதை எல்லாம் முணுமுணுக்காமல் ஏற்பது என்று நினைக்கிறோம். சுந்தரர் கதை அப்படிச் சொல்லவில்லை. கேட்டது உடனே கிடைக்காதபோதும், தப்பு தன் மேல் இருந்தபோதும் அவர் பேச்சை முறிக்கவில்லை. பார்வை திரும்புவதற்கு முன் அவருக்குக் கிடைத்தது, அடுத்த ஊர் வரை நடக்க ஒரு கோல். பல சமயம் நமக்கும் அவ்வளவுதான் கிடைக்கிறது.

எங்கே பார்க்கலாம்?

சென்னைவாசிகளுக்கு இந்த இடங்கள் பக்கம்தான். திருவொற்றியூர் தியாகராஜர் கோவிலில் மாசி மாதம் 'மகிழடி சேவை' இன்றும் நடக்கிறது. பழைய திருவெண்பாக்கம் கோவில் இருந்த இடம் பூண்டி நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டது. கோவிலை பூண்டியில் புதிதாக அமைத்திருக்கிறார்கள். கோல் கொடுத்ததால் அங்கே சுவாமியின் பெயரே ஊன்றீஸ்வரர். சுந்தரர் குருபூஜை, ஆடி மாத சுவாதி நட்சத்திரத்தில்.