நாதஸ்வரச் சக்கரவர்த்தி

திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையை நேரில் கேட்ட ரசிகர்கள் இருவர் சந்தித்துவிட்டால், பேச்சு எங்கே தொடங்கினாலும் அவருடைய தோடியில்தான் போய் நிற்கும்.

1898-ல் திருமருகலில் பிறந்தவர். முதலில் வாய்ப்பாட்டுக் கற்றார். அதனால்தானோ என்னவோ, அவர் கையில் நாயனமும் பாடிற்று!

அந்நாளில் நாயனக்காரர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றபடியே ஊதவேண்டும் என்பது வழக்கம். பிள்ளைவாள் குடுமியை எடுத்துக் கிராப்பு வைத்தார். ஜிப்பா அணிந்து, மேடையில் அமர்ந்து வாசித்தார். கர்வம் என்றார்கள் சிலர். கர்வந்தான்! அந்தக் கர்வத்தால் நாயனக்காரர்கள் அத்தனை பேரும் தலை நிமிர்ந்தார்கள்.

உச்சத்தில் ஒலிக்கும் குட்டைத் திமிரி நாயனம் சபைக் கச்சேரிக்கு ஒத்துவரவில்லை. நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி ஆச்சாமரத்தில் நீண்ட பாரி நாயனத்தைக் கடைந்து கொடுத்தார். தவிலுக்கு நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை வந்து உட்கார்ந்துவிட்டால் கேட்கவேண்டுமா? கூட்டம் எழுந்திருக்காது. தவிலுக்காகவே வந்த ரசிகர்களும் உண்டு. ஆசாரியைத்தான் யாரும் அவ்வளவாகப் பேசவில்லை.

1956 டிசம்பர் 12-ந் தேதி அந்த நாதம் அடங்கியது. பாரி நாயனம் அடங்கவில்லை; தமிழ்நாட்டுக் கல்யாணங்களில் இன்றும் பெரும்பாலும் ஒலிப்பது அதுவே. நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.