யார் இந்த ஜான் ஸ்கோப்ஸ்? பரிணாமப் பாடத்துக்காக கோர்ட் படி ஏறிய 24 வயசு வாத்தியார்!

பைபிள் சொல்லும் படைப்பை மறுத்து, மனிதன் விலங்கிலிருந்து வந்தான் என அரசுப் பள்ளியில் பாடம் எடுத்தால் குற்றம். 1925-ல் அமெரிக்காவின் டென்னசி மாநிலம் இப்படி ஒரு சட்டமே போட்டது.

அதில் சிக்கியவர் ஸ்கோப்ஸ். சிக்கினார்னு சொல்றதைவிட, தெரிஞ்சே போய் நின்றார் என்பதுதான் சரி. டேட்டன் என்ற சின்ன ஊரில் ஃபுட்பால் கோச். பயாலஜி டீச்சர் வராத நாளில் அந்த வகுப்பையும் பார்த்துக்கிட்டவர். சட்டத்தை எதிர்த்து வழக்கு நடத்த ஒரு சிவில் உரிமை அமைப்பு ஆசிரியரைத் தேடியது. ஊருக்கு விளம்பரம் கிடைக்குமே என்று ஊர்ப் பெரிய மனிதர்கள் மருந்துக் கடைக்கு அவரை வரவழைத்துக் கேட்க, சரின்னுட்டார். இத்தனைக்கும் மாநில அரசே அனுமதித்த புத்தகத்தில் பரிணாமம் இருந்தது!

மூன்று முறை அதிபர் தேர்தலில் நின்ற பிரையன் ஒரு பக்கம், பிரபல வக்கீல் டாரோ மறுபக்கம். விசாரணை ரேடியோவில் நேரடியாகப் போனது. ஸ்கோப்ஸ் மட்டும் சாட்சிக் கூண்டில் ஏறவே இல்லை. அந்தப் பாடத்தை நடத்தினோமா என்பதே அவருக்குச் சந்தேகம்தான்.

100 டாலர் அபராதம். அதை ஜூரி முடிவு செய்யாமல் நீதிபதியே விதித்ததால், 1927-ல் மேல் கோர்ட்டில் தீர்ப்பு ரத்து. சட்டம் மட்டும் 1967 வரை இருந்தது.

அந்தப் பள்ளிக்கு ஸ்கோப்ஸ் திரும்பவில்லை. ஜியாலஜி படித்து, வெனிசுலாவுக்கு எண்ணெய் தேடப் போனார். 1970-ல் இறந்தார்.