‘ஆண்டின் மனிதர்’ மொசாடெக்

அரசர் சூட்டும் பட்டத்துக்கு அரச முத்திரை உண்டு. பல்கலைக்கழகம் அளிக்கும் பட்டத்துக்குக் கல்வியின் துணை உண்டு. வாரச் சஞ்சிகை ஒன்று தன் அட்டைப்படத்தின் வாயிலாகச் சூட்டும் பட்டத்துக்கு எது ஆதாரம்? அமெரிக்காவின் ‘டைம்’ சஞ்சிகை, அத்திலாந்திக் சமுத்திரத்தைத் தனியே விமானத்திற் கடந்த லிண்ட்பேர்க்கை 1927ஆம் ஆண்டின் மனிதராகத் தெரிந்தெடுத்தது. அன்று தொடங்கிய வழக்கம் இன்றும் நின்றபாடில்லை. 1930ஆம் ஆண்டுக்கு மகாத்மா காந்தியைத் தெரிந்த அச்சஞ்சிகையே 1938ஆம் ஆண்டுக்கு ஹிட்லரைத் தெரிந்தது. நன்மையாயினும் தீமையாயினும், அவ்வாண்டின் நிகழ்ச்சிகளை மிகுதியும் பாதித்தவர் எவர் என்பதே தன் அளவுகோல் என்று அது சொல்லி வருகின்றது.

ஆண்டிறுதி தோறும் இத்தெரிவு வெளிவருங்கால், இதற்கு இன்னும் பொருள் உண்டோ என்று கேட்போர் பலர். இவ்வினாவை வெறும் வாதத்தால் தீர்த்துவிட முடியாது. அப்பட்டம் பெற்ற ஒருவரின் வாழ்க்கையோடு அதனை ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். அதற்கு ஈரானிய தேசத் தலைவர் முகம்மது மொசாடெக்கின் வரலாற்றினும் பொருத்தமானது அரிது.

இளமையும் கல்வியும்

மொசாடெக் 1882ஆம் ஆண்டு தெஹ்ரான் நகரிற் பிறந்தார். தந்தையார் அரச நிதிப் பகுதியில் உயர்பதவி வகித்தவர். தாயார் கஜார் அரச மரபினர். இளமையிலேயே தந்தையை இழந்த அவர், பதின்ம வயதிலேயே கொராசான் மாகாணத்தின் வரிக்கணக்குகளை மேற்பார்க்கும் பொறுப்பை ஏற்றார். 1906ஆம் ஆண்டு ஈரானில் அரசியலமைப்பு இயக்கம் வெற்றி பெற்று, மஜ்லிஸ் எனப்படும் பாராளுமன்றம் கூடியபோது அதற்குத் தெரிவு செய்யப்பட்டும், உரிய வயது நிரம்பாமையால் ஆசனம் பெற்றாரில்லை. பின்னர் பாரிஸ் நகரிலும், சுவிற்சர்லாந்தின் நியூஷாத்தெல் பல்கலைக்கழகத்திலும் பயின்று, முதலாம் உலகப் போர் தொடங்குமுன் சட்டத்துறையிற் கலாநிதிப் பட்டம் பெற்றார்.

நாடு திரும்பியவர் மாகாண ஆளுநராகவும், நிதி மந்திரியாகவும், வெளிநாட்டு மந்திரியாகவும் கடமையாற்றினார். 1925ஆம் ஆண்டு பிரதம மந்திரி ரேசா கான் முடிசூட முனைந்தபோது, அதனை வெளிப்படையாய் எதிர்த்த மிகச் சிலருள் அவரும் ஒருவர். ரேசா கான் அதிகாரமற்ற அரசராய் இருப்பாராயின் நாடு திறமைமிக்க ஒரு பிரதம மந்திரியை இழக்கும். அரசராகவும் ஆட்சித் தலைவராகவும் இருப்பாராயின் அது கொடுங்கோன்மையாகும் என்பது அவர் வாதம். ரேசா கான் அரசரானார். மொசாடெக் அரசியலினின்று விலகித் தம் கிராமமாகிய அஹ்மதாபாத்தில் ஒதுங்கி வாழ நேர்ந்தது. 1940இற் சிறையும் கண்டார். 1941இல் ரேசா ஷா முடி துறந்த பின்னரே அவர் மீண்டும் பொதுவாழ்வுக்கு வந்தார்.

எண்ணெய்ப் போர்

ஈரானின் எண்ணெய் உரிமை 1901ஆம் ஆண்டிலேயே டார்சி என்பவருக்கு அறுபது ஆண்டுகளுக்கு எழுதிக் கொடுக்கப்பட்டது. 1908இல் எண்ணெய் வெளிப்பட்டது. 1914இல் கம்பெனியின் பெரும்பங்கைப் பிரித்தானிய அரசாங்கமே வாங்கிக்கொண்டது. அபாதான் துறைமுகத்தில் உலகிலேயே மிகப்பெரிய சுத்திகரிப்பு ஆலை எழுந்தது. அதனருகே தொழிலாளர் குடிசைகளில் வறுமையும் நோயும் வளர்ந்தன. ஈரான் பெற்ற பங்கினும், அக்கம்பெனியிடமிருந்து பிரித்தானியா பெற்ற வரி அதிகமாயிருந்தது. 1950ஆம் ஆண்டிறுதியில் அயல்நாடாகிய சவூதி அரேபியா அமெரிக்கக் கம்பெனியிடம் இலாபத்திற் செம்பாதியைப் பெற்றபின், ஈரானியரின் பொறுமை எல்லை கடந்தது.

தேசிய முன்னணியின் தலைவராயிருந்த மொசாடெக் இவ்வுணர்ச்சிக்கு உருவம் கொடுத்தார். 1951ஆம் ஆண்டு மார்ச் மாதம் எண்ணெய்த் தொழிலை நாட்டுடைமையாக்கும் மசோதா நிறைவேறியது. ஏப்ரல் இறுதியில் அவர் பிரதம மந்திரியானார். அக்டோபரில் நியூயோர்க் சென்று, ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபையிலே தம் நாட்டுக்காகத் தாமே வழக்குரைத்தார்.

அவ்வாண்டின் மனிதர் அவரே என ‘டைம்’ தன் 1952 ஜனவரி 7ஆந் தேதி இதழில் அறிவித்தது. ஆயின் அது புகழ்மாலையன்று. மேடையிற் கண்ணீர் வடிப்பவர், மயங்கி விழுபவர், படுக்கையிலிருந்தே ஆட்சி நடத்துபவர், உலகைக் குழப்பத்தில் ஆழ்த்துபவர் என்றே அக்கட்டுரை அவரைத் தீட்டிற்று. அவர் நோயாளி என்பதும், உணர்ச்சி மேலிட்டு அழுவார் என்பதும் மெய்யே. ஆனால் சட்டம் கற்ற அம்மனிதரின் வழக்கு எத்தகையது என்பதை அக்கண்ணீர் மறைத்துவிட்டது.

வழக்கின் வலிமையைப் பின்வந்த நிகழ்ச்சிகள் காட்டின. 1952 ஜூலை மாதம் படைத்துறை அதிகாரம் பற்றி இளைய ஷாவோடு முரண்பட்டு அவர் பதவி துறந்தார். ஜூலை 21ஆந் தேதி மக்கள் வீதியில் இறங்கினர், பலர் உயிரிழந்தனர், மொசாடெக் மீண்டும் பதவியேற்றார். மறுநாள் ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றம், பிரித்தானியா தொடுத்த வழக்கை விசாரிக்கத் தனக்கு அதிகாரமில்லை எனத் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்புக்கு இணங்கியோருள் பிரித்தானியரான நீதிபதி மக்நேயரும் ஒருவர்.

வீழ்ச்சி

அவரிடம் குறையே இல்லை என்று சொல்வது வரலாற்றுக்குச் செய்யும் துரோகமாகும். பிரித்தானியத் தடையால் எண்ணெய் விற்பனை ஏறக்குறைய நின்று, நாட்டின் வருவாய் வற்றியது. அவர் மஜ்லிஸிடம் விசேட அதிகாரங்களைக் கேட்டுப் பெற்றார். காஷானி முதலிய தோழர் பிரிந்தனர். 1953இல் மஜ்லிஸைக் கலைக்க நடத்திய பொதுசன வாக்கெடுப்பில், சம்மதத்துக்கும் எதிர்ப்புக்கும் வெவ்வேறு இடங்களிற் பெட்டிகள் வைக்கப்பட்டமையால் இரகசியம் காக்கப்படவில்லை. 1925இல் ஒருவர் கையில் அதிகாரம் குவிவதை எதிர்த்தவரின் வாழ்வில் இது மாறா வடுவாயிற்று.

எனினும் அவரை வீழ்த்தியது இக்குறைகள் மட்டுமல்ல. பிரித்தானிய, அமெரிக்க உளவுத் தாபனங்கள் கூடித் திட்டமிட்டன. 1953 ஆகஸ்ட் நடுப்பகுதியில் முதல் முயற்சி தோற்று, ஷா நாட்டைவிட்டு ஓடினார். ஆகஸ்ட் 19ஆந் தேதி இரண்டாவது முயற்சி வென்றது. ‘டைம்’ அவரைத் தெரிந்தெடுத்து இரண்டாண்டு நிரம்புமுன், அச்சஞ்சிகையின் தாயகமே அவர் ஆட்சியைக் கவிழ்க்க உதவிற்று. இராணுவ நீதிமன்றம் மூன்றாண்டுத் தனிச்சிறை விதித்தது. 1954இல் எண்ணெய்த் தொழில் சர்வதேசக் கூட்டுக் கம்பெனியின் கைக்குச் சென்றபோது, அமெரிக்கக் கம்பெனிகள் அதில் நாற்பது வீதம் பெற்றன.

சிறை நீங்கியபின் அஹ்மதாபாத்தில் காவலில் வைக்கப்பட்ட மொசாடெக் 1967 மார்ச் 5ஆந் தேதி காலமானார். 1952 ஜூலையில் உயிர்நீத்தோர் அருகில் அடக்கம் செய்யப்பட வேண்டுமென்ற அவர் விருப்பம் மறுக்கப்பட்டது. சொந்த வீட்டின் உணவு மண்டபத்திலேயே அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

பட்டத்தின் பொருள்

1979ஆம் ஆண்டு ஷாவின் ஆட்சி வீழ்ந்த சில வாரங்களில், அவர் நினைவு நாளிற் பெருந்திரளான மக்கள் அஹ்மதாபாத் நோக்கிச் சென்றனர். அதே ஆண்டின் மனிதராக ‘டைம்’ தெரிந்தது ஆயத்துல்லா கொமேனியை. 1953இல் விதைத்த கசப்பின் விளைச்சலை அமெரிக்கா அவ்வாண்டு கண்டது. ஆட்சிக் கவிழ்ப்பில் தன் பங்கை அமெரிக்க உளவுத் தாபனம் தன் ஆவணங்களின் வாயிலாக ஒப்புக்கொள்ள 2013ஆம் ஆண்டாயிற்று.

இனி நம் வினாவுக்கு வருவோம். ஆண்டின் நிகழ்ச்சிகளைப் பாதித்தவர் எவர் என்பதில் ‘டைம்’ 1951இற் பிழைபடவில்லை. அவர் எத்தகையவர் என்பதிலேயே பிழைபட்டது. தெரிவு கணக்கைச் சேர்ந்தது. தீர்ப்பு விருப்பு வெறுப்பைச் சேர்ந்தது. செய்திக்கு வேறு வாயில்கள் குறைந்திருந்த அக்காலத்தில், தொலைநாட்டு வாசகருட் பலருக்கு அத்தீர்ப்பே மொசாடெக்கின் முகமாய் அமைந்தது. வாயில்கள் பெருகிவிட்ட இன்று அத்தகைய பட்டத்தின் வலிமை குன்றியிருப்பது இயல்பே. அதற்காக வருந்த வேண்டுவதுமில்லை. எனினும் அது பொருளற்றதாகிவிடவில்லை. பட்டம் பெற்றவரை அளப்பதற்கன்று, பட்டம் அளித்தோர் அக்காலத்தில் எதனை விரும்பினர், எதனை அஞ்சினர் என்பதை அறிவதற்கே அது பயன்படும். பழைய அட்டைப்படங்களை மாணவர் அவ்வாறு நோக்கப் பழகுவராயின், புதியவற்றையும் மயக்கமின்றி நோக்குவர்.