மயில் மேல் அடங்கிய குரல்

நரிக்குடி, திருச்சுழிச் சீமையில் அந்தக் காலத்தில் திருவிழா என்றால் விடிய விடிய நாடகம். ராஜபார்ட்டின் தொண்டைதான் ஒலிபெருக்கி! அன்றைய இளவட்டங்களைக் கட்டி இழுத்த பாட்டுக்காரர் விஸ்வநாததாஸ். 1886-ல் பக்கத்துச் சிவகாசியில் பிறந்தவர்.

நாடகம் என்னவோ வள்ளி திருமணம்தான். முருகன் பாடுவதோ சுதந்திரப் பாட்டு! பாட்டில் பறக்கும் வெள்ளைக் கொக்கு யார் என்று கொட்டகைக்கே தெரியும். போலீசுக்கும் தெரியும். மேடையிலேயே கைதானார், பலமுறை சிறை சென்றார்.

வெள்ளைக்காரன் தந்த தொல்லை போதாதென்று நம்மவர்களும் தந்தார்கள். மருத்துவர் சமூகத்தில் பிறந்தவராம்! அவருக்கு ஜோடியாக நடிக்க நடிகைகள் மறுத்தனர். துணிந்து முன்வந்தவர் கே.பி.ஜானகியம்மாள்.

1940 டிசம்பர் 31. சென்னை ராயல் தியேட்டர். மயில் மீது முருகன் வேடத்தில் பாடிக்கொண்டிருந்தார். திடீரெனப் பாட்டு நின்றது. உயிரும் பிரிந்திருந்தது.