துப்பாக்கிக் கொல்லன் மகன்

1914-ம் வருஷம் ஜூன் 28-ந் தேதி. சரயேவோ நகரில் ஆஸ்திரிய இளவரசரையும் அவர் மனைவியையும் பத்தொன்பது வயது இளைஞன் ஒருவன் சுட்டுக் கொன்றான். முதல் உலக யுத்தத்துக்குத் திரி கொளுத்திய அந்தக் கைத்துப்பாக்கி பெல்ஜியத்தில் செய்யப்பட்டது. ஆனால் அதை அமைத்தவர் ஓர் அமெரிக்கர். பெயர் ஜான் மோஸஸ் பிரௌனிங். மறு வருஷமே அவர் அமைத்த இன்னொரு கைத்துப்பாக்கி அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அணிலையும் காலி டப்பாவையும் சுட்டு மகிழ்வதற்கான சாதுவான சாமான் அது!

பிரௌனிங் 1855-ல் யூட்டாப் பிரதேசத்திலுள்ள ஆக்டன் என்ற ஊரில் பிறந்தார். தகப்பனார் ஜோனதன் துப்பாக்கிக் கொல்லர்; மூன்று மனைவியரும் இருபத்திரண்டு மக்களும் கொண்ட பெரிய குடும்பஸ்தர். பையனுக்குப் பட்டறைதான் பள்ளிக்கூடம். கழித்துப் போட்ட ஒரு பழைய குழலை மரக்கட்டையில் கம்பியால் கட்டிப் பத்து வயதிலேயே துப்பாக்கி பண்ணி, காட்டுக் கோழிகளைச் சுட்டுக்கொண்டு வந்தானாம். விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பார்கள். தகப்பனாருக்கு அது தெரியவில்லை. பத்து வயதுப் பையன் இதைவிட நன்றாகச் செய்திருக்கலாமே என்பதுதான் அவருடைய குறை.

1879-ல் முதல் பேடெண்ட் கிடைத்தது. அந்தத் துப்பாக்கியின் உரிமையை 1883-ல் வின்செஸ்டர் கம்பெனி 8,000 டாலர் கொடுத்து வாங்கிற்று. பிறகு பத்தொன்பது வருஷம் அவர் கொண்டுபோனதையெல்லாம் அது ரொக்கம் கொடுத்து வாங்கியது. பிறர் கையில் போய்விடக் கூடாதென்றே வாங்கிப் பூட்டி வைத்தவையும் பல.

1889-ல் ஒருநாள், நண்பர் ஒருவர் சுட்டபோது குழல் வாயிலிருந்து பீறிட்ட வாயு எதிரே இருந்த புல்லைச் சாய்த்ததைப் பிரௌனிங் கவனித்தார். வீணாகும் இந்தச் சக்தியே அடுத்த தோட்டாவை ஏற்றிக் கொடுத்தால் என்ன? அந்த ஒரு கேள்வியிலிருந்து அவருடைய யந்திரத் துப்பாக்கி பிறந்தது. தானே தோட்டா ஏற்றிக்கொள்ளும் கைத்துப்பாக்கிகளும் தொடர்ந்தன.

1902-ல் வின்செஸ்டருடன் முறிவு. தானே ஏற்றிக்கொள்ளும் வேட்டைத் துப்பாக்கிக்கு அவர் ராயல்டி கேட்டார், கம்பெனி மறுத்தது. ரெமிங்டன் கம்பெனித் தலைவரைப் பார்க்கப் போய்க் காத்திருந்த அன்றே அந்தத் தலைவர் மாரடைப்பால் இறந்துபோனார். பிரௌனிங் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு பெல்ஜியத்துக்குக் கப்பலேறினார். லியேஜ் நகரை அடுத்த எஃப்.என். ஆலை ஏற்கெனவே அவருடைய கைத்துப்பாக்கியைச் செய்து விற்றுவந்தது. வேட்டைத் துப்பாக்கியையும் அதுவே எடுத்துக்கொண்டது.

அந்தச் சாதுத் துப்பாக்கிக்கு வருவோம். அதன் 22 ரகத் தோட்டா கால் அங்குலப் பருமன்கூட இல்லாதது, விலை மலிவு, உதையும் சொற்பம். ஆனால் யந்திரம் செய்பவனுக்கு அதுதான் முரட்டுப் பிள்ளை. தீப்பற்றும் மருந்து அதன் அடிப்பக்க விளிம்புக்குள்ளேயே இருக்கிறது. அதனால் விளிம்பு உடலைவிட அகன்று நிற்கும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் விளிம்போடு விளிம்பு மாட்டிக்கொள்ளும். சக்தி குறைவாதலால் பின்னோக்கித் தள்ளவேண்டிய இரும்பு கனமாக இருந்தால் நகராது. இலேசாக இருந்தால் வேகம் மிஞ்சிவிடும். பிரௌனிங் குழலை அசையாமல் பொருத்தினார். பின்பாதியில் குட்டையான ஒரு துண்டு மட்டும் நகரும். அதைத் தடுக்கப் பூட்டு இல்லை. அதன் எடையும் ஒரு ஸ்பிரிங்கும்தான். சாய்வான கைப்பிடிக்குள் பத்துத் தோட்டாக்கள். கோல்ட் கம்பெனிப் பொறியாளர்கள் அதை மெருகேற்றி 1915-ல் வெளியிட்டார்கள்.

1917-ல் அமெரிக்கா யுத்தத்தில் இறங்கியபோது சர்க்காருக்கு அவருடைய யந்திரத் துப்பாக்கிகள் தேவைப்பட்டன. ராயல்டி வாங்கியிருந்தால் கோடிக்கணக்கில் சேர்ந்திருக்கும். ஏழரை லட்சம் டாலருக்கு ஒப்புக்கொண்டார். ராயல்டிக்காக ஒரு கம்பெனியையே உதறியவர், சர்க்காரிடம் பேரம் பேசவில்லை. துப்பாக்கிகளைவிட இந்த ஒன்றுதான் எனக்கு அவரைப் பற்றி அதிகம் சொல்கிறது.

1926 நவம்பர் 26-ந் தேதி, லியேஜ் ஆலையில் தம் மகன் வாலின் அலுவலக அறையில், மாரடைப்பால் காலமானார். அப்போது அவர் கைவேலையாக இருந்த ராணுவக் கைத்துப்பாக்கியை பெல்ஜியப் பொறியாளர் ஸெய்வ் முடித்துக் கொடுக்க, அது 1935-ல் வெளிவந்தது.

22 ரகக் கைத்துப்பாக்கிக்கு அதுவரை தனிப் பெயர் கிடையாது. 1927-ல்தான் அதற்கு வனவாசி என்று பொருள்படும் 'உட்ஸ்மன்' என்ற பெயரைச் சூட்டினார்கள். 1977-ல் நிறுத்தும்வரை ஆறு லட்சத்துக்கும் மேல் செய்து விற்றார்கள்.