12ஆம் சாள்ஸ் மன்னனும் நார்வா முற்றுகையும்

அறிமுகம்

18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட ஐரோப்பாவின் அதிகாரச் சமநிலையை மாற்றியமைத்த யுத்தம் பெரும் வடக்கு யுத்தம் (1700–1721) ஆகும். அதன் முக்கிய பாத்திரங்களில் ஒருவன் சுவீடன் மன்னன் 12ஆம் சாள்ஸ். 18 வயதில் ஒரு முற்றுகையை முறியடித்துப் புகழ்பெற்ற இவன், 36 வயதில் இன்னொரு முற்றுகையின்போது உயிரிழந்தான். இடைப்பட்ட 18 ஆண்டுகளில் சுவீடன் தனது பேரரசின் பெரும்பகுதியை இழந்தது. வெற்றியுடன் தொடங்கிய ஆட்சி ஏன் வீழ்ச்சியில் முடிந்தது என்பதே இப்பாடத்தின் மைய வினாவாகும். (திகதிகள் இன்றைய நாட்காட்டிப்படி தரப்பட்டுள்ளன.)

1. இளமையும் முடிசூடலும்

சாள்ஸ் 1682 ஜூன் 27ஆம் திகதி ஸ்டொக்ஹோம் நகரிற் பிறந்தான். தந்தை 11ஆம் சாள்ஸ் 1697இல் இறந்தபோது இவனுக்கு 15 வயதுகூட நிரம்பவில்லை. எனினும் அதே ஆண்டிலேயே முழு அதிகாரத்துடன் அரசாளத் தொடங்கினான்.

அக்காலத்தில் பின்லாந்து, எஸ்தோனியா, லிவோனியா, இங்கிரியா ஆகியனவும் வட ஜேர்மனியின் சில பகுதிகளும் சுவீடனின் வசம் இருந்தன. இதனால் பால்டிக் கடல் வணிகத்தில் சுவீடனே மேலோங்கியிருந்தது. மன்னன் அனுபவமற்ற இளைஞன் என எண்ணிய அயலவர்கள் ஒன்றிணைந்தனர். டென்மார்க் மன்னன், சக்சனியின் ஆட்சியாளனும் போலந்து மன்னனுமான 2ஆம் ஒகஸ்டஸ், ரஷ்யாவின் மகா பீற்றர் ஆகிய மூவருமே அவர்கள். பால்டிக் கடலில் ஒரு துறைமுகத்தைப் பெறுவது பீற்றரின் பிரதான நோக்கமாகும்.

2. நார்வா முற்றுகை – 1700

சாள்ஸ் முதலில் டென்மார்க்கின் தலைநகர் அமைந்திருந்த தீவில் படையிறக்கினான். 1700 ஓகஸ்டில் டென்மார்க் சமாதானம் செய்துகொண்டு யுத்தத்திலிருந்து விலகியது. இதற்கிடையில் ரஷ்யப் படை நார்வா நகரை முற்றுகையிட்டது.

நார்வா, இன்றைய எஸ்தோனியாவின் கிழக்கெல்லையில், நார்வா ஆற்றின் மேற்குக் கரையில் உள்ளது. அதற்கு நேரெதிரே, கிழக்குக் கரையில் ரஷ்யர் கட்டிய இவான்கொரட் கோட்டை நிற்கிறது. 30,000க்கும் அதிகமான ரஷ்யப் படையினர் நகரைச் சுற்றி, ஆற்றின் ஒரு வளைவிலிருந்து மறுவளைவு வரை அரைவட்ட வடிவில் பதுங்குகுழிகளையும் மண்ணரண்களையும் அமைத்தனர். நகரினுள் ஹோர்ன் என்ற தளபதியின் கீழ் சிறிய காவற்படையே இருந்தது.

சாள்ஸ் கடல் கடந்து வந்து, சேற்றுப் பாதைகளினூடாகப் படையை நடத்திச் சென்றான். அவனிடம் 10,000க்கும் அதிகமான வீரர் இருக்கவில்லை. பீற்றர் போருக்குச் சற்று முன்னர், டி குரோய் என்ற வெளிநாட்டுத் தளபதியிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு முகாமைவிட்டுப் புறப்பட்டிருந்தான்.

1700 நவம்பர் 30ஆம் திகதி பிற்பகல் கடும் பனிப்புயல் வீசியது. அது ரஷ்யரின் முகத்தில் அடித்ததால் எதிரி மிக அருகில் வரும்வரை அவர்களாற் காண முடியவில்லை. ரஷ்யப் படை 6 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட அரணில் பரந்து நின்றது. எனவே எந்த ஓர் இடத்திலும் அது வலுவாக இருக்கவில்லை. சுவீடன் படை இரண்டு இடங்களில் மட்டும் தன் பலத்தைக் குவித்துத் தாக்கி உட்புகுந்தது. தப்பியோடியவர்கள் நெரிசலாக ஏறியதால் ஆற்றுப்பாலம் உடைந்து பலர் மூழ்கினர். டி குரோய் சரணடைந்தான். முற்றுகைக்கெனக் கொண்டுவந்த பீரங்கிகளை ரஷ்யர் இழந்தனர்.

3. வெற்றிக்குப் பின்

ரஷ்யாவை இனி அஞ்சத் தேவையில்லை எனக் கருதிய சாள்ஸ், ஒகஸ்டஸைப் பதவியிலிருந்து நீக்குவதற்காகப் போலந்தில் 1706 வரை போரிட்டான். பீற்றர் அந்த ஆண்டுகளை நன்கு பயன்படுத்தினான். தேவாலய மணிகளை உருக்கிப் புதிய பீரங்கிகளை வார்ப்பித்தான். படையினரைப் புதிதாகப் பயிற்றுவித்தான். 1703இல் சென் பீற்றர்ஸ்பேர்க் நகருக்கு அடிக்கல் நாட்டினான். 1704இல் நார்வாவை மீண்டும் முற்றுகையிட்டுக் கைப்பற்றினான். அப்போதும் நகரைக் காத்தவன் அதே ஹோர்ன்தான். இம்முறை அவனுக்கு உதவிப்படை வரவில்லை. நகரம் வீழ்ந்தபோது பொதுமக்களும் கொல்லப்பட்டனர்.

புதிய நகரை மட்டும் வைத்துக்கொண்டு ஏனையவற்றைத் திருப்பித்தரப் பீற்றர் முன்வந்தபோதும் சாள்ஸ் சமாதானத்தை ஏற்கவில்லை. ரஷ்யாவின் மீது படையெடுத்த அவன், 1708–1709 கடுங்குளிரில் பெருந்தொகையான வீரரை இழந்தான். 1709 ஜூலை 8ஆம் திகதி பொல்டாவாவில் படுதோல்வியுற்று ஓட்டோமன் பேரரசில் தஞ்சமடைந்தான். அவன் அங்கிருந்தபோது, 1710இல் ரீகா நகரம் முற்றுகையாலும் கொள்ளைநோயாலும் நலிந்து ரஷ்யரிடம் சரணடைந்தது.

4. இறுதி ஆண்டுகள்

1714 நவம்பரில் சாள்ஸ் ஐரோப்பாவினூடாக விரைந்து பயணித்து, பால்டிக் கரையிலுள்ள ஸ்ட்ரால்சுண்ட் நகரை அடைந்தான். 1715இல் பிரஷ்யா, டென்மார்க், சக்சனி ஆகியவற்றின் படைகள் அந்நகரை முற்றுகையிட்டன. நார்வாவில் முற்றுகையை உடைத்தவன் இங்கு முற்றுகைக்குள் அகப்பட்டான். டிசெம்பரில் நகரம் சரணடைவதற்குச் சற்று முன்னர் அவன் படகில் தப்பிச் சுவீடன் சேர்ந்தான்.

1718 டிசெம்பர் 11ஆம் திகதி இரவு, நோர்வேயின் பிரெட்ரிக்ஸ்டன் கோட்டையை முற்றுகையிட்டிருந்த வேளையில், பதுங்குகுழியில் நின்ற சாள்ஸின் தலையில் குண்டு பாய்ந்தது. அது எதிரியின் குண்டா, சொந்தப் படையினரின் குண்டா என்பது இன்றும் விவாதிக்கப்படுகிறது. மணமாகாத அவனுக்குப்பின் தங்கை உல்ரிக்கா எலியனோரா அரசியானாள். மன்னரின் தனியாட்சி முடிவுற்று, பாராளுமன்றத்தின் அதிகாரம் ஓங்கியது. 1721இல் நிஸ்டாட் உடன்படிக்கைப்படி எஸ்தோனியா, லிவோனியா, இங்கிரியா ஆகியன ரஷ்யாவுக்குரியனவாயின.

நினைவிற் கொள்க

- நார்வாவில் சாள்ஸின் துணிவும் படையின் பயிற்சியும் வெற்றி தந்தன, காலநிலையும் உதவியது.
- தோற்ற பீற்றர் தன் குறைகளை அறிந்து திருத்தினான். வென்ற சாள்ஸ் எதிரியைக் குறைவாக மதிப்பிட்டான்.
- போர்க்களத்தில் வெல்வதும் யுத்தத்தில் வெல்வதும் ஒன்றல்ல. சமாதானம் செய்ய ஏற்ற தருணத்தைத் தவறவிட்டதன் விலையை வீரர்களும் முற்றுகையிடப்பட்ட நகரமக்களுமே செலுத்தினர்.

பயிற்சி வினாக்கள்

1. 1700இல் சுவீடனுக்கு எதிராக ஒன்றிணைந்த ஆட்சியாளர் மூவரைக் குறிப்பிடுக.
2. நார்வாவில் பெரிய ரஷ்யப் படை தோல்வியுற்றமைக்கான காரணங்கள் இரண்டை விளக்குக.
3. 1700இல் பாதுகாக்கப்பட்ட நார்வா 1704இல் வீழ்ந்தது ஏன்? ஒப்பிட்டு ஆராய்க.